முக்காப்படி

பதிவுத் தபால்.
அனுப்பிய ஊர் நாக்பூர்.
பெறுபவர் இடத்தில் ஆள் பேரே இல்லை:
'முக்காப்படி குடும்பத்தார், செவ்வாய்பேட்டை, சேலம்.'

ஏழு நாள் வைத்திருக்கலாம்.
எட்டாம் நாள் 'முகவரி போதாது' என்று எழுதி
ரயிலேற்றிவிட வேண்டும். விதி.

முதலில் லீ பஜார்.
துவரை மண்டி சீரங்கன் கவரைத் தொடவில்லை.
"நாங்க அதுன்னு யாரு சொன்னது?"
எலக்ட்ரானிக் தராசை என் பக்கம் திருப்பினார்.
வெறும் தட்டு. சிவப்புச் சுழியங்கள்.
"நல்லாப் பாத்துக்கம்மா."

கொலுசுப் பட்டறையில் அண்ணன் தம்பி.
மூத்தவர் சொன்னார்: பஞ்சத்தில் முப்பாட்டன்
தனக்குக் கால்படி வைத்துக்கொண்டு
முக்கால் படியை ஊருக்கு அளந்தாராம்.
புண்ணியத்தில் வந்த பேர்.
இளையவர் பொடி வைத்து ஊதியபடியே,
"படிக்குக் காசு வாங்கிட்டு அளந்தது முக்காப்படி."
கையெழுத்துக் கேட்டேன்.
மாட்டோம் என்பதில் மட்டும் இருவரும் ஒன்று.

பூங்கோதை டீச்சருக்கு அஞ்சாம் வகுப்பில்
வாத்தியார் 'முக்கா' என்று நிறுத்துவாராம்,
மீதியை வகுப்பே சொல்லுமாம்.
கெஜட்டில் பணம் கட்டி அழித்துவிட்டார்.
அழித்த தாளை லேமினேட் செய்து
பீரோவில் வைத்திருக்கிறார். எடுத்துக் காட்டினார்.

எனக்கு இந்தத் தொல்லை கிடையாது.
ஓரெழுத்து, ஒரு புள்ளி.
அப்பா பேரின் தலையை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு
நாற்பத்தோரு வருசமாகச் சுற்றுகிறேன்.
பாஸ்போர்ட் ஆபீசில் 'குடும்பப் பெயர்' கட்டத்தில்
பேனாவை வைத்துக்கொண்டே இருந்தேன்,
அடுத்த டோக்கனைக் கூப்பிடும்வரை.

ஏழாம் நாள் தூறல். சேர்வராயன் மலையே காணோம்.
பால் மார்க்கெட் சந்தில் ஒரு தகரப் பலகை:
முக்காப்படி மெஸ்.
கல்லாவிலிருந்து ஜெயக்கொடி கை நீட்டினாள்.
அந்த வம்சத்தில் பிறந்தவள் இல்லை.
வாக்கப்பட்டு வந்து, மூணே வருசத்தில்
கோர்ட்டில் கழன்றுகொண்டவள்.
"உங்களுக்கு இது..." என்று இழுத்தேன்.
"அவனத்தான் விட்டேன். பேரை எதுக்கு விடணும்?
பன்னெண்டு வருசமா இந்தப் பேர்ல
முழுப்படி போட்டுட்டிருக்கேன்."

அட்டையில் கையெழுத்துப் போட்டாள்.
கட்டத்துக்குள் அடங்காமல்
தேதியின் மேல் ஏறிப் போனது பேர்.

கவரைப் பிரிக்கவில்லை.
அரிசி மூட்டைமேல் வைத்துவிட்டு
ரசவாளியோடு உள்ளே போய்விட்டாள்.
என்ன கடுதாசி என்று நான் கேட்கக் கூடாது.
அதுவும் விதி.

ஸ்கூட்டியைக் கிளப்பும்போது
பந்தியிலிருந்து ஒரு குரல்:
"முக்காப்படி அக்கா,
இன்னுங் கொஞ்சம் சோறு!"