பொட்டு ஒட்டிய விளக்கு

திருப்பூர், வீரபாண்டிக்கு அந்தப் பக்கம்,
சாயக்கழிவு சுத்திகரிக்கும் நிலையம்.
இரவு ஷிப்டில் பதினோரு நாள்
அத்தப்பனுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதினேன்.

எப்போது எழுந்தார், எந்தத் திரையைப் பார்த்தார்,
எந்தப் பொத்தானை அழுத்தினார்.
பீளமேட்டு அலுவலகம் கேட்டது அதைத்தான்.
புதுக் கட்டுப்பாட்டு அறை வரையப்போகிறார்கள்,
வேலை படிப்படியாக வேண்டுமாம்.

நாலு நாள் படிகள் கிடைத்தன.
ஐந்தாம் இரவு
ஏழாவது விளக்கின் மேல் ஸ்டிக்கர் பொட்டு பார்த்தேன்.
மெரூன் நிறம். லேப் செல்லாயி கொடுத்ததாம்.
"அது சும்மாவே எரியுமுங்க.
பொய் சொல்றவன் மூஞ்சிய மூடிட்டோம்."

என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இரண்டே கால். எந்த மணியும் அடிக்கவில்லை.
போனை எடுத்தார்.
"ஏனுங் மாஸ்டர், இன்னைக்குக் கருப்பா?
எத்தன லோடு?
ஒரு மணி நேரம் பொறுத்து உடுங்."
பம்பைக் கொஞ்சம் தணித்தார்.
மூன்றரைக்குத் திரையில் உப்பு ஏறியது,
ஏறி, அடங்கியது.
திரைக்குச் சேதி வந்தது அப்போதுதான்.
அவருக்கு, பனியன் ஆர்டர் மாறிய திங்கட்கிழமையே.

பிகாஷ், ஒடிசாக்காரன்,
வடிகட்டிக் குழாயில் உள்ளங்கை வைத்துப் பார்ப்பான்.
தலையாட்டினால் சரி.
ஆட்டாமல் நின்றால் அத்தப்பன் எழுந்து போவார்.
நாற்பத்தோரு எச்சரிக்கையும் ஆங்கிலத்தில்.
இந்த நாற்பத்திரண்டாவதுக்கு
மொழியே இல்லை.

பீளமேட்டில் என் தாளை விரித்தேன்.
கட்டங்களைவிடக் கோடுகள் அதிகம்.
ஒன்று நிலையத்தின் சுவர் தாண்டி, சாக்கடை தாண்டி,
சாயப்பட்டறை மாஸ்டரின் சட்டைப்பையில் போய் நின்றது.
"இதெல்லாம் ஆளோட பழக்கம்," என்றார் முகிலரசு.
"புது டிசைன்ல கண்ணாடி அறை, ஏசி.
குழாய்ப் பக்கம் யாரும் போகவே வேண்டாம்."

அப்போ கையை எங்கே வைப்பான்? என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.
டீ ஆறும்வரை தாளையே பார்த்தார்.
ரப்பரை எடுத்து
அறைக்கும் குழாய்க்கும் நடுவில் இருந்த சுவரை அழித்தார்.
பிறகு, தீயணைப்பு விதி நினைவுக்கு வந்து,
பாதியைத் திரும்ப வரைந்தார். ஒரு கதவு விட்டார்.
போனுக்கு?
"பட்ஜெட் கேக்கணும்."

தை மாதம் புது அறை திறந்தார்கள்.
விளக்குகள் இல்லை, ஒரே பெரிய திரை.
கதவு இருந்தது. அதைச் சாத்தாமல் இருக்க
யாரோ செங்கல் வைத்திருந்தார்கள்.
திரையின் வலது மூலையில்
மெரூன் பொட்டு.

"இது எதுக்குங்க?"

"இன்னும் சரியாத் தெரியலீங். ரெண்டு நாளாப் பாக்கறேன்."

நோட்டைத் திறந்து தேதி எழுதினேன்.
நாற்காலியை
அவருக்குப் பின்னால் இழுத்துப் போட்டேன்.