புள்ளி நாள்கள்

ஆயர் ஈத்தாம், பதினான்காவது மாடி.
அடுப்படிச் சுவரில் குதிரைக் காலண்டர்.
பந்தயம் ஓடும் தேதிகளில்
சின்னதாய் ஒரு சிவப்புக் குதிரை.
அவற்றை ஒட்டி என் பென்சில் புள்ளிகள்,
மாதத்துக்கு ஆறோ ஏழோ.

முதன்முதலில் பார்த்தபோது
"குதிரைக்குப் பணம் கட்டுறியா?" என்றார் இளம்பரிதி.
இல்லை, ஓடுவதே நான்தான்
என்று வாய்வரை வந்தது.
அன்றைக்கும் புள்ளி நாள். விழுங்கிவிட்டேன்.

கிளினிக்கில் டாக்டர் நோராய்னி
சீட்டில் பேனாவை வைக்குமுன் கேட்டார்:
அழுகை எந்தத் தேதியில் வருகிறது?
சம்பளத்துக்குத் தேதி உண்டு,
வீட்டுக் கடனுக்கு உண்டு.
அழுகைக்கும் உண்டென்று
முப்பத்தெட்டு வயதுவரை
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மூன்று மாதம் குறித்தேன்.
ஃபெர்ரி இன்னும் தூரத்தில் இருக்கும்போதே
ஜெட்டிப் பலகை காலடியில் ஆடுமே,
அப்படித்தான்.
உதிரம் வருவதற்கு ஒரு வாரம் இருக்க
ஆடத் தொடங்கிவிடுகிறது எல்லாம்.
ஃபேக்டரி பஸ்ஸில் பின்னால் யாராவது சிரித்தால்
என்னைப் பார்த்துத்தான்.
சோற்றில் தண்ணீர் கூடிப்போனால்
என் பிறப்பே தவறு.

அதனால் சில சட்டங்கள்.
புள்ளி நாளில் வேலையை விடும் கடிதம் எழுதுவதில்லை.
நாத்தனாரின் வாட்ஸ்அப்புக்குப் பதில் இல்லை.
கோப்பி ஓ ஒன்றோடு சரி.
ஒரு ஸ்டாப் முன்னதாகவே இறங்கி,
கெக் லோக் சி விளக்குகள்
மலைமேல் ஒவ்வொன்றாய் ஏறுவதைப் பார்த்தபடி நடை.
மகனிடம் மட்டும் காலையிலேயே அறிவிப்பு:
"துருவா, அம்மாவுக்கு இன்னிக்கு மூட்டம்."
சட்டம் மீறிய நாளும் உண்டு.
ஒரு தட்டு போனது.
நல்ல தட்டு.

மனத்தாங்கல்களைக்
கிழித்த மாதத் தாளின் முதுகில் எழுதிவைப்பேன்.
உதிரம் வந்து மூன்றாம் நாள் எடுத்துப் படித்தால்
பாதி எனக்கே சிரிப்பு.
அடித்துவிடுவேன்.
மீதிப் பாதி
அடிக்க வராது.

பாயான் லெப்பாஸில் என் வேலை
மைக்ராஸ்கோப்பில் சிப் பார்ப்பது.
புள்ளி நாள்களில் நான் ஒதுக்கும் சிப்புகள் அதிகம்.
லைன் லீடர் சியூ பெங்
ஒதுக்கியவற்றை மறுபடி சோதித்தாள்.
எல்லாமே பழுது.
"உன் கண்ணுக்கு இந்த வாரம் என்ன சாப்பாடு?" என்றாள்.

அங்கே அது கண்.
வீட்டில் அதுவே கோளாறு.

இருபத்து நான்காம் தேதி இரவு.
குழாய் மூன்று வாரமாய்ச் சொட்டுகிறது,
வாஷர் வாங்கியும் ஆயிற்று,
மாட்டத்தான் ஆளில்லை என்று கத்தினேன்.
அவர் குழாயைப் பார்க்கவில்லை.
காலண்டரைப் பார்த்தார்.
"ஓ. புள்ளியா" என்று
டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

எனக்காக நான் வைத்த புள்ளி.
அதை எடுத்து
என் வாயில் ஒட்டிவிட்டார்.

ரப்பரைத் தேடினேன், எல்லாவற்றையும் அழிக்க.
பிறகு சட்டம் நினைவுக்கு வந்தது:
இன்றைக்கு எதையும் முடிவு செய்வதில்லை.
தாளைத் திருப்பி எழுதினேன்: குழாய்.
பக்கத்திலேயே: புள்ளியா என்று கேட்டது.
சொட்டு, சொட்டு என்று
இரவெல்லாம் அது என் பக்கம் பேசியது.

அடுத்த மாதம் நான்காம் தேதி.
வெள்ளைக் கட்டம். குதிரைகூட இல்லை.
தேநீரை அவர் கையில் கொடுத்துவிட்டு
தாழ்ந்த குரலில் சொன்னேன்:
"குழாய்."

சுவரைத் திரும்பிப் பார்த்தார்.
ஒளிய ஒரு புள்ளிகூட இல்லை.
"இன்னொன்றும் இருக்கு" என்று
தாளை நீட்டினேன்.
இரண்டு வரியையும் படித்தார்.
தேநீர் ஆறியது.
ஒன்றும் சொல்லாமல் ஸ்பேனர் தேடப் போனார்.

அன்றிரவு வீடு அமைதி.
இத்தனை நாள் பழகிய சொட்டுச் சத்தம் இல்லாமல்
எனக்குத் தூக்கமே வரவில்லை.