அணைக்க வேண்டாம்

எட்டு ஐம்பதுக்கு 'அணை' என்று அழுத்தினேன்.
நீலத்திரை. வட்டமாய் ஓடும் புள்ளிகள்.
நகல் எடுக்கப்படுகிறது,
தயவுசெய்து அணைக்க வேண்டாம்.

மின்னாம்பள்ளி நிறுத்தத்தில் கடைசி பஸ்
ஒன்பது இருபத்தைந்து.
அம்மாப்பேட்டையில் இறங்கினால் ஆறு நிமிஷ நடை.

வெளியே எடைமேடையில் லாரி இல்லை.
கிழங்கோடு வந்த மண் மட்டும்
இரும்புத் தகட்டில் காய்ந்து கிடந்து
தானே முப்பது கிலோ காட்டுகிறது.
தொட்டிகளில் மாவு படிகிற நேரம்.
புளித்த வாசம் கண்ணாடி தாண்டி வந்து
கீபோர்டில் உட்கார்ந்திருக்கிறது.

போன தையிலும் இப்படித்தான் தொங்கியது.
ஐந்து எண்ணும்வரை பொத்தானை அமுக்கினேன்.
கழுத்தை அமுக்குகிற மாதிரி இருந்தது.
இருந்தாலும் அமுக்கினேன், போனேன்.
மறுநாள்
பதினான்கு நாள் பாயிண்ட் கணக்கு இல்லை.
எந்தக் கிழங்கு இருபத்தெட்டு, எது இருபத்துமூன்று,
எல்லாம் ஒரே சாக்கு.

பேளூர் அர்த்தனாரி மேஜைக்கு எதிரே நின்றார்.
"என்னுது இருபத்தொம்பது, கண்ணு.
நீதான சத்தமாப் படிச்ச."
படித்தேன்தான்.
ஆனால் நான் ஒரு ரசீது இல்லை.
முதலாளி இருபத்தாறு போடச் சொன்னார்.
போட்டேன்.
அவர் பணத்தை எண்ணாமல் மடித்து வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் ஐந்து ரோட்டிலிருந்து முபாரக் வந்து
இந்த பேக்கப்பைப் போட்டுக் கொடுத்தான்.
இனிமே எதுவும் தொலையாதுக்கா.
தொலையவில்லை. மூடவும் இல்லை.
போனில் கேட்டால் சொல்கிறான்:
பேக்கப் முடியட்டும்னு விண்டோஸ் நிக்குது,
விண்டோஸ் வழி விடட்டும்னு பேக்கப் நிக்குது,
கல்யாணப் பந்தியில ரெண்டு சம்பந்தி
நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்கன்னு
நிக்கிற மாதிரி.
அப்ப நான்?
நீங்க இலை போடுறவங்கக்கா.
சிரித்துவிட்டு வைத்தான்.

ஒன்பது எட்டு.
சாவிக்கொத்தோடு மாதையன் எட்டிப் பார்த்தார்.
இன்னும் தூங்கலையா அது?
இல்லைண்ணா.
கைகட்டி நின்று
புள்ளிகள் நாலைந்து சுற்று சுற்றுவதைப் பார்த்தார்.
நல்லாத்தான் ஓடுது, என்றார்.
எங்கயும் போகல, அவ்வளவுதான்.

எதை எடுக்கிறது இவ்வளவு நேரம்?
இன்றைய நாற்பத்தொரு லாரி.
நேற்றைய, முந்தாநாளைய.
கூடவே அந்த இருபத்தாறு.
ஒரு நகல் இல்லை, தினம் ஒரு நகல்,
தையிலிருந்து,
நான் கை வைக்க முடியாத ஏதோ ஒரு டிஸ்கில்
இருபத்தாறின் மேல் இருபத்தாறாக அடுக்குகிறது.
இருபத்தொன்பது எங்கேயும் இல்லை
என்னிடம் தவிர.
எனக்கு பேக்கப் இல்லை.

ஒன்பது பதினேழு.
ஆள்காட்டி விரல்.
ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.
உள்ளே விசிறி நின்றபோதுதான்
அத்தனை நேரம் ஒரு சத்தம் இருந்தது தெரிந்தது.

ஓடினேன்.
பஸ்ஸில் யாரோ ஒருவர் மடியில்
டயர் டியூப் வைத்துக்கொண்டு தூங்கினார்.
நான் தூங்கவில்லை.

காலை ஏழரைக்கு
ஒன்றும் நடக்காததுபோல் எழுந்தது கணினி.
உள்ளே விடுவதற்கு முன் ஒரு பெட்டி:
கடந்த முறை முறையாக அணைக்கப்படவில்லை.
காரணத்தை எழுதவும்.
வெறுமனே விட்டால் 'சரி' ஒளிரவில்லை.
கடைசி பஸ், என்று அடித்தேன். அழித்தேன்.
வெளியே முதல் லாரி ஹாரன்.
அர்த்தனாரி, பேளூர், தை மாசம், 29, என்று அடித்தேன்.
காரணம் சரியா தப்பா என்று அது பார்க்கவில்லை.
ஏற்றுக்கொண்டது.

கணக்கு முழுசாக இருந்தது, ஒரு வரி குறையவில்லை.
லாரி மேடை ஏறிவிட்டது.
அந்த முப்பது கிலோ மண்ணைக்
கழிக்க வேண்டும் முதலில்.