முக்கால் இஞ்ச்

பெட்ரோல் பங்கில் கொடுத்த நீல பேண்ட்டை
ஊக்கு குத்தி எடுத்து வந்தாள் ஒச்சம்மாள்.
வலது விளிம்பு தாரில் தேய்ந்து நைந்திருந்தது.
இடதோ கரண்டைக்கு மேல் ஏறி நிற்குமாம்.
"எல்லாருக்கும் ஒரே அளவுதான்,
ஒனக்கு மட்டும் ஏன் கோணுதுங்கிறாரு சூப்பர்வைசர்."

பிரித்துப் பார்த்தேன்.
உள்ளே விட்ட துணி கால் இஞ்ச்கூட இல்லை.
புதுசுதான் வெட்டணும்.

இடுப்பில் ஒரு நாடா கட்டினேன், இறுக்காமல்.
குனி. நிமிரு. ரெண்டு எட்டு நட.
நாடா தனக்குத் தோதான இடத்தில் போய் உட்கார்ந்தது,
ஒரு பக்கம் ஆணி தளர்ந்த கொடிக்கயிறு மாதிரி.
இடுப்பிலிருந்து அளந்தால் இடுப்பு பொய் சொல்லும்.
டேப்பின் நுனியைத் தரையில் மிதித்துக்கொண்டு
மேலே அளந்தேன்.
இடம் முப்பத்தொன்பது. வலம் முப்பத்தெட்டேகால்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
டேப்பும் அதெல்லாம் கேட்கிற சாமான் இல்லை.

பொன்மேனிச் சுவரில் பாதி கிழிந்து தொங்கிய
காதணி விழா போஸ்டர்தான் என் பேட்டர்ன் பேப்பர்.
பின்பக்கம் வெள்ளை. முன்பக்கம் தாய்மாமன்.
இடது துண்டில், பக்கத் தையலில் தொடங்கி
கவட்டைத் தையல் வரைக்கும் ஒரு வெட்டு;
கடைசியில் நூலளவு விட்டு
விசிறியாய் முக்கால் இஞ்ச் திறந்தேன்.
திருப்பிப் பார்த்தால் மாமனின் மீசை இரண்டாய்ப் பிளந்து
நடுவில் என் மேஜை தெரிகிறது.
"எங்க மாமன் மாதிரியே இருக்காரு,
இன்னும் கொஞ்சம் வெட்டுங்க" என்றாள்.

இருபது வருஷமாய்த் துணியை மடித்துத்தான் வெட்டுகிறேன்.
மடித்தால் ஒரு பாதிக்கு இன்னொரு பாதி சாட்சி.
இதற்கு மடிப்பு ஆகாது.
ஒற்றையாய் விரித்தேன், நாலு துண்டும் தனித்தனி,
சாக்பீஸில் 'இ', 'வ' எல்லாம் எழுதி
கத்தரியை ஓட்டினேன்.
மாமன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது
முடித்தபின்தான் உறைத்தது.
வெள்ளைப் பக்கமல்லவா மேலே இருக்கவேண்டும்!
இடம் வலமாகி
ஏற்றம் எதிர்ப்பக்கம் போய்விட்டது.
ஒன்றேகால் மீட்டர்.

விளக்குத்தூணில் மூன்றாவது கடையில்
அதே நீலம் கிடைத்தது.
அவளிடம் சொல்லவில்லை.
வீணானதில் பையனுக்கு ரெண்டு டிரவுசர் வரும்,
தொலையட்டும்.

பத்து நாள் கழித்து
பைபாஸ் ரோட்டில் என் ஸ்கூட்டிக்கு நூறு ரூபாய்.
"ஜீரோ பாத்துக்கங்க."
யார் என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.
நான் மீட்டரைப் பார்க்கவில்லை.
ரெண்டு விளிம்பும் ஷூ மேல் ஒரே மட்டத்தில்;
இடுப்பு மட்டும் அதன் பாட்டுக்குச் சாய்ந்து
பின்னால் ஆரன் அடிக்கிற ஆட்டோவை
கண்டுகொள்ளாமல் நிற்கிறது.
"ஜீரோ, ஜீரோ பாருங்க."
பாத்தாச்சு என்றேன்,
தரையைப் பார்த்தபடி.