நாற்பத்தேழாம் எண்

சூரத்திலிருந்து வந்த உறையைப்
பாதிரிப்புலியூர் கூரியர் கடையில் வைத்தே கிழித்தேன்.
நாற்பத்தேழாம் எண்.
கண் சொக்கிய கொக்கு, தோளில் தபால் பை,
கழுத்தில் சிவப்பு மப்ளர்.
சிவப்பா அது?
கேசரிப் பவுடர் கரைத்த நிறம்.

சிப்காட் மாத்திரைக் கம்பெனியில்
தரச்சோதனை பார்க்கிறவன் நான்.
மாசு புள்ளி மூன்று சதவீதம் கூடினால்
ஒரு லாரிச் சரக்கைத் திருப்பியனுப்பக்
கையெழுத்துப் போடுகிற கை.
அட்டையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன்.
இரண்டு காகிதம், நடுவே ஒரு வில்லை,
ஒட்டியிருந்தது பள்ளிக்கூடப் பசை.
முதுகில் கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்தே குறைவு.
'நூறு சதம் ஒரிஜினல் பிரதர்' என்றவன்
கும்பிடும் கை நான்கு போட்டிருந்தான்.

வைத்துத்தான் பார்ப்போமே என்று
இரவு ஷிப்ட் முடிந்து வந்து
ஆசிட் மணக்கும் சட்டையோடு
கருவியின் வலப்புறம் அட்டையை ஒட்டினேன்.
சின்ன அதிர்வு.
தீவின் படகுத்துறையில்
கொக்கு இறங்கி நின்றது.
மப்ளர் அங்கே நல்ல சிவப்பு.
'வழியில் தூங்கிவிட்டேன், மன்னிக்கணும்' என்றது.
போலியிலிருந்து வந்த வெட்கம்
எதுவும் அதற்கு இல்லை.

எனக்கு இருந்தது.

பதினோரு வாரம் அசலைத் தேடினேன்.
ஒருத்தர் அட்டையைத் தராமல்
அட்டையின் படத்தை மட்டும் விற்றார்.
ஒருத்தர் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை,
துறைமுகத்து வஞ்சிரம் போல.
ஒருத்தர் முன்பணம் வாங்கிக்கொண்டார்; அன்றோடு
அவர் முகப்புப் படத்திலிருந்த நாய்க்குட்டியும் காணோம்.
இதற்கிடையே கொக்கு
தினமும் என் வாசலில் கடிதம் போட்டது:
'இன்று மழை. நீங்கள் நட்ட பேரி காய்த்திருக்கிறது.
பறிக்க ஆள் இல்லை.'

கடைசியில் பாண்டிச்சேரி, முதலியார்பேட்டை.
பெர்னதெத் என்று ஒரு பெண்,
மெடிக்கல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
கண்ணாடி உறையோடு எடுத்துக் கொடுத்தாள்.
சரியான சிவப்பு. சரியான கனம்.
வெயிலில் சாய்த்தால் ஓரத்தில் வெள்ளி ஓடியது.
'ஏன் விக்கிறீங்க?'
'வண்டிக்கு டயர் மாத்தணும்.'
இரண்டாயிரத்து நானூறு.
பேரத்துக்கு மசியவில்லை;
இருமல் மிட்டாய் இரண்டு சேர்த்துக் கொடுத்தாள்.

ஆல்பேட்டை செக்போஸ்டில் கை காட்டினார்கள்.
'பாட்டில் எங்க?'
'இல்ல சார்.'
'பாண்டி போயிட்டு சும்மா வர்ற ஆளா நீ?'
சீட்டைத் தூக்கி, டேங்க் கவரைத் தட்டி,
கடைசியில் சட்டைப் பை.
ஏட்டு அட்டையைக் கண்ணருகே கொண்டுபோனார்.
'என்னய்யா இது?'
'கொக்கு சார்.'
'எவ்வளவு?'
சொன்னேன்.
பெண்ணையாற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.
அங்கே தண்ணீரில்
சும்மாவே நின்றிருந்தன ஏழெட்டு.
அட்டையை இரண்டு கையாலும் திருப்பித் தந்து,
ஆஸ்பத்திரிக்குப் போகிறவனிடம் சொல்வது போலச் சொன்னார்:
'பாத்துப் போங்க தம்பி.'

வீட்டில் கை கழுவி, துடைத்து,
அசலை வைத்தேன்.
அதே சின்ன அதிர்வு.
திரையில் ஒரே வரி:
'இவர் ஏற்கெனவே உங்கள் தீவில் குடியிருக்கிறார்.'

எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

குடியிருக்கிறார்.

பேரி மரத்தடியில் போய்ப் பார்த்தேன்.
ஒற்றைக் காலில் நின்றபடி தூங்கிக்கொண்டிருந்தது,
பை நிறையக் கடிதத்தோடு.
எழுப்பவில்லை.

சூரத்துக்காரனுக்கு எழுதிய மதிப்புரை
பதினோரு வாரமாக, ஒற்றை நட்சத்திரத்தோடு
அனுப்பப்படாமல் கிடந்தது.
திட்டியதையெல்லாம் அழித்துவிட்டுத்
தரச்சோதனைக்காரன் கணக்காய் எழுதினேன்:
பொருள், போலி. பசை, மட்டம்.
கொக்கு, வந்து சேர்ந்தது.

நட்சத்திரம் எத்தனை என்பதுதான் பிடிபடவில்லை.
இருமல் மிட்டாய் ஒன்றைப் பிரித்து
வாயில் போட்டுக்கொண்டேன்.