கூட்டல் அறுபத்து மூன்று

ரைபிள் ரேஞ்ச் பிளாட், எட்டாவது மாடி.
என் 555 புத்தகம்தான் வங்கி.
இங்கே ரிங்கிட் செல்லாது. நாணயத்தின் பேர் மணி.
கோயில்மணி இல்லை, நெல்மணியும் இல்லை,
ஒருவர் உழைத்த ஒரு மணி நேரம்.
ஃபரிடா நாசி லெமாக் கட்டினாலும்,
சியூ லான் ஜிப் மாற்றித் தந்தாலும்,
நான் வருமான வரிப் படிவம் நிரப்பினாலும்
அதே ஒரு மணி.

கழித்தலில் நிற்பதைக் கடன் என்று சொல்லக்கூடாது.
ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏறலாம்.
எல்லாம் கூட்டினால் பூஜ்யம் வரவேண்டும்.
வரும்.

என் தூக்கத்தைக் கெடுத்தது
பன்னிரண்டு மணி பாக்கி வைத்த சியூ லான் இல்லை.
குழாய் ரிப்பேர் தர்மசீலன்.
எந்த வீட்டில் ஒழுகினாலும் வருவார்,
ஒரு தே ஓ கூடக் குடிக்க மாட்டார்.
அவர் ஏற ஏற
நாங்கள் இருபது பேரும் பள்ளத்தில்.

லிஃப்ட் கெட்டுப்போன நாளில்
பதினைந்தாம் மாடிவரை ஏறிப்போய்ச் சண்டை போட்டேன்:
"எதையாவது வாங்குங்க அண்ணே.
நீங்க வாங்காட்டி புத்தகமே செத்துடும்."
"எனக்கு என்னம்மா வேணும்?"

பதினோரு நாள் கழித்து போன்.
தொண்டையைச் செருமினார். மழை பற்றிக் கேட்டார்.
அப்புறம்,
"முதுகு குனிய மாட்டேங்குது.
கால் நகம்..."

சியூ லான் கத்திரிக்கோலோடு போனாள்.
வெட்டப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.
மீதி இருபது நிமிஷம் எந்த மொழியில் பேசினார்களோ,
அதையும் சேர்த்தே எழுதினேன்:

தர்மசீலன், அறுபத்திரண்டரை.
சியூ லான், கழித்தல் பதினொன்றரை.