பன்னிரண்டு மீற்றர்

திருகோணமலைக்குப் போகிறவர்கள்
இந்தத் திருப்பத்தைக் கவனிப்பதில்லை.
பெற்றோல் ஷெட்டுக்கும் டயர்க் கடைக்கும் நடுவே
கழுத்துச் சரிந்த ஒரு பலகை,
கந்தளாய் நகரம் என்று மூன்று மொழியில்.
ஆங்கிலத்தில் மட்டும் ஓரெழுத்து உதிர்ந்துவிட்டது.

பலகையில் திரும்பினால் பாதை,
பாதை முடிந்தால் குளம்.
இடையில் கிடப்பதற்குப் பெயர் வைக்க
ஒருவருக்கும் தோன்றவில்லை.
கோப்பில் ‘இணைப்பு வீதி’ என்றிருக்கிறது.
நீளம் ஆயிரத்து முந்நூற்று நாற்பது மீற்றர்.
கீழே உள்ள கையொப்பம்
தண்ணீர் பட்டு ஊறிப் போயிருந்தது.

தார் போட மதிப்பீடு கேட்டார்கள்.
நானும் லாபிரும் அளவைச் சக்கரத்தோடு
காலை ஆறரைக்கே இறங்கினோம்.
மீற்றருக்கு ஒரு டிக்.
டயர்க் கடை, டிக்.
அரிசி ஆலையின் உமிக் குவியல், டிக், டிக், டிக்.
நானூற்றுப் பத்தில்
இரவு கடந்துபோன யானையின் லத்தி
இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
லாபிர் சுற்றிப் போகவில்லை, நேரே உருட்டினான்.
“அளவெண்டா அளவுதான், மிஸ்.”

குளக்கட்டின் அடியில் சக்கரம் நின்றபோது
ஆயிரத்து முந்நூற்று ஐம்பத்திரண்டு.
திரும்பவும் உருட்டினோம்.
அதே ஐம்பத்திரண்டு.
“ரோட்டு வளந்திட்டுதோ?” என்றேன்.
“குளம் பின்னுக்குப் போயிருக்கும், மிஸ்.
போன வருசம் மழையும் இல்லையே.”

பன்னிரண்டு மீற்றரைப் பற்றிக்
கடிதம் எழுதினேன்.
அனுமதிக்கப்பட்ட நீளத்துக்கு அமையவே
வேலை நடைபெறும் என்று பதில் வந்தது.
ஆவணியில் தார் வந்தது.
ரோலர், நாற்பதில், கோடு கிழித்தாற்போல் நின்றது.
வெட்டிய பாண் மாதிரிக் கறுத்த விளிம்பு,
அதற்கப்பால் கிரவலும் குழியும்.

அங்கேதான் உவைஸின் மீன் தராசு.
முன்பெல்லாம் நேரே ஸ்டாண்டுக்குப் பறந்த பஸ்கள்
இப்போது விளிம்பில் தடுமாறி இறங்கி
மூச்சு வாங்குகின்றன.
ஜன்னல்களில் கைகள் முளைக்கின்றன.
செப்பலி கிலோ என்ன விலை?
பஸ் நகர்வதற்குள்
மூன்று பை மீன் ஏறிவிடுகிறது.
எனக்கு இரண்டு மீன் நீட்டினார், வேண்டாம் என்றேன்.
லாபிர் வாங்கிக்கொண்டான்.
“அந்தப் பன்னிரண்டையும் அப்பிடியே விட்டிருங்க, மிஸ்”
என்றார் உவைஸ், செதிலைத் தட்டியபடி.

எதிர்ப்பக்கம் சோமலதாவின் தயிர்ச் சட்டிகள்.
ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து
சட்டிகளின் மேல் பத்திரிகைத் தாளை
இழுத்து விடுகிறாள்.
தாளை எடுத்தால், ஆடையின் மேல்
செம்மண் மெல்லிதாய்ப் படிந்திருக்கிறது.
“மிஸ், எப்ப போடுற?”
அவளுக்குத் தெரிந்த தமிழில்
பாதியை இந்தக் கேள்விக்கே செலவழிக்கிறாள்.

போன செவ்வாய் இரவு
குளக்கரையிலிருந்து ஓர் ஓட்டோ,
பிள்ளைப்பேற்று வலியோடு ஒருத்தி.
கணவன் வந்து சொன்னான்,
தாயும் பிள்ளையும் சுகம்,
ஆனால் அந்தக் கிரவலில் அவள்
வீதி போட்டவனின் பரம்பரையையே திட்டினாளாம்.
போட்டவன் நானில்லை.
போடாமல் விட்ட கணக்கில்தான்
என் பெயர் இருக்கிறது.

இரண்டாவது கடிதம் ஐந்து வாரமாய்ப் பையில்.
ஒரு நாள் லாபிரின் மீன் அதே பையில் வந்ததால்
ஒரு மூலை உறைந்து நாறுகிறது.
அனுப்பினால் உவைஸுக்கு நட்டம்.
அனுப்பாவிட்டால் சோமலதாவின் தயிரில் மண்.
இரண்டையும் அளக்கக்கூடிய சக்கரம்
எங்கள் ஸ்டோரில் இல்லை.

பொழுது சாய வேலை முடிந்து வருகிறேன்.
தார் முடியும் இடத்தில்
மோட்டார் சைக்கிளின் குரல் மாறுகிறது.
இரண்டாம் கியர்.
சக்கரம் இல்லாமலே வாய் எண்ணுகிறது,
ஏழு, எட்டு,
தராசைக் கழுவும் உவைஸ், ஒன்பது,
பத்தில் ஒரு குழி,
பதினொன்றில் சோமலதா எழுந்து
சட்டிகளை மூடுகிறாள், எனக்காக.
நான் இன்னும் மெதுவாகிறேன்.